கூட அழைத்துப் போவதா, தனியாகப் போய்வந்து சொல்வதா?

நமக்கு நேரடிக் கச்சேரி என்றால் உயிர், துணைக்கோ அதில் துளியும் ஆர்வம் இல்லை. கூட அழைத்துப் போகலாம், இல்லையென்றால் தனியாகப் போய்வந்து அதைப் பகிரலாம்.

அழைத்துப் போவதில் உள்ள பெரிய நன்மை, டிரம்ஸின் அதிர்வு நெஞ்சுக்குள் இறங்குவதையும், பாடகர் பாதியில் விட்ட வரியைக் கூட்டமே பாடி முடிப்பதையும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அங்கே நின்றால்தான் தெரியும். ஆனால் பலருக்குப் பிரச்சினை இசை இல்லை, சத்தமும் நெரிசலும்தான். உலக சுகாதார அமைப்பு 2022இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச சராசரி அளவே 100 டெசிபல், பழகாத காதுக்கு அது ரொம்ப அதிகம். அதனால் அழைத்துப் போவதென்றால் சின்ன அரங்காக, உட்கார இருக்கை உள்ளதாகப் பாருங்கள், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்காருங்கள், இருவருக்கும் காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ‘போதும் என்றால் கிளம்பிவிடலாம்’ என்று முன்பே வாக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு அடுத்து வரும் என்றாலும் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

தனியாகப் போனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், முழுசாக இசையில் கரையலாம். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டாமல், சிலிர்க்க வைத்த ஒரே ஒரு தருணத்தை மட்டும் சொல்லுங்கள், கேட்பார்.

நான் பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுகள் வரும் கச்சேரி என்றால் மட்டும் ‘வருகிறாயா?’ என்று ஒரு தடவை கேட்பேன், மாட்டேன் என்றால் சரி என்று விட்டுவிடுவேன்.