சிஸ்டம்டியை விட்டு மாறுவது பலன் தருமா?

லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுந்தவுடன் ஓட்டும் முதல் நிரல் இனிட். நெட்வொர்க், பதிவு போன்ற வேலைகளைப் பார்க்கும் நிரல்களான மற்ற சேவைகளையெல்லாம் எழுப்புவது அதன் வேலை. 2010இல் வந்த சிஸ்டம்டி என்ற இனிட், 2015க்குள் டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் விநியோகங்களிலும் குடியேறிவிட்டது. எதிர்த்தரப்பில் ஜென்டூவும் ஆல்பைனும் வைத்திருக்கும் ஓப்பன்ஆர்சி, வாய்ட் லினக்ஸின் ரன்இட் ஆகியவை முக்கியமானவை.

மாற விரும்புகிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது எடுபடாத வாதம். இயந்திரம் எழும் நேரத்தில் ஃபர்ம்வேர், பூட் லோடர், கெர்னல் ஆகியவற்றின் பங்கை எந்த இனிட்டாலும் குறைக்க முடியாது. மிச்சத்தை சிஸ்டம்டி அனலைஸ் கட்டளையே பிரித்துக் காட்டிவிடும். பல கணினிகளில் நெட்வொர்க் இணைப்புக்காகக் காத்திருக்கும் சேவைதான் பட்டியலின் உச்சியில் நிற்கும். அது தேவையில்லையென்றால் முடக்கிவிடலாம். அணைக்கும்போது 90 விநாடி பொறுமையைச் சோதிக்கும் அந்தக் காத்திருப்பும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் குறையும். இதற்காகவா வீடு மாறுவது?

உண்மையான வேறுபாடு சேவைகளை எழுதுவதில் இருக்கிறது. ரன்இட்டில் ஒரு சேவை என்பது ஒரு கோப்புறை. அதற்குள் 'ரன்' என்ற சிறிய ஷெல் ஸ்கிரிப்ட். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளே. நிரல் விழுந்தால் ஒரு விநாடி போல இடைவெளி விட்டு மீண்டும் எழுப்பிவிடும். முழுவதையும் ஒரே மாலையில் படித்துப் புரிந்துகொள்ளலாம். அந்தத் தெளிவு சிஸ்டம்டியில் கிடைக்காது. ஆனால் நிரல் பின்னணிக்கு நழுவாமல் முன்னணியிலேயே ஓட வேண்டும். நழுவிவிட்டால் ரன்இட்டின் கண்ணுக்கு அது மறைந்துவிடும். சிஸ்டம்டியோ சிகுரூப் (பிராசஸ்களைக் குழுவாகப் பிரித்து வைக்கும் கெர்னல் வசதி) வழியாகப் பேரன் பேத்தி பிராசஸ்கள் வரை கணக்கு வைத்திருக்கும். நினைவக வரம்பு, கோப்புகளை எழுதவிடாத தடை என ஒவ்வொன்றும் அங்கே ஒரு வரிதான். ஒரு சேவையின் பதிவுகளை மட்டும், அதுவும் கடைசி பூட் முதல், ஒரே கட்டளையில் எடுக்கும் வசதியைப் பழகியவர்கள் விட மாட்டார்கள்.

ஓப்பன்ஆர்சி நடுவில் நிற்கிறது. எந்தச் சேவைக்கு எது முதலில் வேண்டும் என்பதை அழகாக எழுதலாம். ஆனால் விழுந்ததை எழுப்ப வேண்டுமென்றால் அதன் கண்காணிப்பு வசதியை அந்தச் சேவைக்குத் தனியாக அமைக்க வேண்டும்.

2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் வெளிப்பட்ட பின்கதவு (ரகசிய நுழைவழி) எதிர்ப்பாளர்களுக்கு வலுவான வாதத்தைத் தந்தது. சில விநியோகங்கள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வசதி) சேவையகத்தைச் சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தன; அந்த நூலகம் எக்ஸ்இசட்டையும் கூடவே இழுத்து வந்தது; அந்த வழியாகத்தான் நச்சு நிரல் உள்ளே வந்தது. இணைப்பு விநியோகங்கள் செய்தது என்பது சரிதான். ஆனாலும் நூலகம் கனத்தால் நுழைவாயில்கள் கூடும் என்ற அச்சம் வீண் அச்சம் அல்ல.

ஒழுங்காக ஓடும் மடிக்கணினிக்கும் பல சேவைகளைத் தாங்கும் சர்வருக்கும் மாற்றம் வேண்டாம் என்பேன். நாலைந்து சேவைகள் மட்டும் ஓடும் சிறிய இயந்திரத்துக்கு ரன்இட் நன்றாகப் பொருந்தும். மாறுவதென்று முடிவெடுத்தால் இருக்கும் டெபியனில் இனிட்டை மட்டும் பிடுங்கி நடாதீர்கள். டெவுவான், ஆர்டிக்ஸ், வாய்ட் என அதற்கென்றே கட்டியதை நிறுவுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் உங்கள் சிஸ்டம்டி டைமர்களை, அதே வேலையைச் செய்யும் பழைய கருவியான கிரானுக்கு ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள்.