ஆறு வருடம் மிதிபட்ட செயற்கைப் புல்

வீட்டின் பின்புறம் 35 மில்லிமீட்டர் உயரச் செயற்கைப் புல் போட்டு 6 வருடம் ஆகிறது. பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை நம்பி 2 வருடம் சும்மா விட்டது தவறு. ஊஞ்சலுக்குக் கீழே இழைகள் அப்படியே படுத்துவிட்டன. அப்புறம்தான் வாரம் ஒருமுறை, இழை சாய்ந்த திசைக்கு எதிராக, கெட்டியான நைலான் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்தேன். இழைகளுக்கு இடையே அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் மணல் குறைந்த இடத்தில் சிலிக்கா மணலும் தூவினேன். முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது, மனதுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் நாய் சிறுநீர் கழித்த இடத்தை அன்றன்றே அலசாவிட்டால் நாற்றம் தாங்காது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. குழந்தைகள் உள்ளவர்கள் கட்டாயம் யோசியுங்கள்.

நிறம் லேசாகத்தான் மங்கியிருக்கிறது, இன்னும் 4 வருடமாவது தாங்கும். சன்னல் கண்ணாடியின் எதிரொளி விழும் ஓரத்தில் மட்டும் இழை உருகிச் சுருண்டுவிட்டது. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டியதுதான்.