மொறிஸ் மைனருக்கு ‘ஸ்பின் ஒன்’ பில்ரர் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய கார்களை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரில் உள்ள ஒரு கராஜில் என்னுடைய 1098 சி.சி. மொறிஸ் மைனரின் ஒயில் பில்ரர் கூட்டைக் கழற்றிவிட்டு, கையால் திருகிப் பூட்டும் ஸ்பின் ஒன் பில்ரரைப் போடக்கூடியதாக மாற்றித் தந்தார்கள். அந்த வேலையின் விளைவாக எஞ்சினைக் கீழே இறக்கி, அதன் சுழல்தண்டான கிராங்கைக் கடைய வேண்டிய நிலை வந்தது. கராஜின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்துவிடும் இடங்கள் வேறும் இருக்கும் என்பதால், என்ன நடந்தது என்பதும் எதைப் பார்க்க வேண்டும் என்பதும்தான் உங்களுக்குப் பயன்படும்.

இந்த மாற்றம் அடிப்படையில் பிழையானது அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த எஞ்சின்களில் பில்ரர் ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் அடியில் இருந்து ஒரு நீண்ட போல்ட் ஏறி, எஞ்சினோடு பூட்டியிருக்கும் தலைப்பகுதியில் அதைத் தாங்கிப் பிடிக்கும். உள்ளே ஒயிலை வடிகட்டும் எலிமென்ற், ஒரு தட்டு, ஒரு ஸ்பிறிங், சில வோஷர்கள் என்று சில்லறைச் சாமான்கள் உண்டு. தலைப்பகுதியில் வெட்டப்பட்ட வட்டமான காடிக்குள் ஓர் இறப்பர் வளையம் இருக்கிறது. ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய வளையத்தை ஊசியால் கிண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துவிட்டால் ஒயில் ஒழுகும். கையும் சட்டையும் கறுப்பாகும் இந்த வேலையைத் தவிர்க்க உலகம் முழுவதும் மைனர் வைத்திருப்பவர்கள் ஸ்பின் ஒன் தலைப்பகுதிக்கு மாறியிருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல மாற்றமே.

கராஜ்காரர் என்னிடம் சொன்னதும் அதைத்தான். “அண்ணை, உந்தக் கிண்ணத்தோட ஏன் மாரடிக்கிறியள்? இங்கிலாந்துச் சாமான் ஒண்டு கிடக்கு, பூட்டித் தாறன். பிறகு பில்ரரைக் கையாலேயே கழட்டலாம்,” என்றார். 38,000 ரூபா கேட்டார். வேலை முடிந்தபின் தந்த துண்டில் ‘பில்ரர் மாற்றம்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. கழற்றிய பழைய தலைப்பகுதியையும் கிண்ணத்தையும் கேட்டபோது, பழைய இரும்போடு போய்விட்டது என்று பதில் வந்தது. அறுபது வருடப் பழைமையான காரின் வார்ப்புப் பாகம் ஒன்று, உரிமையாளரைக் கேட்காமல் பழைய இரும்போடு போகாது. அது யாருக்கோ விற்கப்பட்டிருக்கிறது என்றே இன்றும் நம்புகிறேன்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நகருக்குள் ஓடியபோது ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கிளிநொச்சிக்குப் போவதற்காக ஏ-9 வீதியில் தொடர்ந்து ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையில், மிருசுவிலைத் தாண்டிப் பளைக்கு முன்பாக ஒயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தபோது பில்ரர் சரிந்து தொங்கியது. அதன் இறப்பர் வளையம் ஒரு பக்கத்தால் பிதுங்கியிருந்தது. காருக்குப் பின்னால் வீதி நெடுகக் கறுப்புக் கோடு. இந்த எஞ்சின்களில் பம்ப் தள்ளும் ஒயில் பில்ரரைக் கடந்துதான் பெயாரிங்குகளுக்குப் போகும். பில்ரரின் வாய் திறந்துவிட்டால், பம்ப் தன் முழுப் பலத்தோடு ஒயிலை வீதியில் இறைத்துக் கொட்டிவிடும். விளக்கை நம்பியும் பயனில்லை. சூடான எஞ்சின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவில் இருக்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய இல்லாமற் போன பிறகே அது எரியும். காரைக் கட்டி இழுத்து வந்து, ஒயில் ஊற்றி முடுக்கியபோது அடியில் இருந்து தட்டும் சத்தம் கேட்டது.

காரை அதே கராஜுக்குக் கொண்டுபோகவில்லை. சுன்னாகப் பக்கத்தில் பல காலமாக இந்த எஞ்சின்களையே பார்த்துவரும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினார்.

இங்கிலாந்துச் சாமான் என்று சொல்லப்பட்ட தலைப்பகுதி இங்கேயே லேத்தில் கடைந்த அலுமினியத் துண்டு. இங்கே கடைந்தது என்பதற்காக அது கூடாது என்று ஆகிவிடாது. எங்கள் ஊர் லேத் பட்டறைகள் இல்லாவிட்டால் இந்தக் கார்கள் எப்போதோ கோழிக்கூடாகியிருக்கும். ஆனால் இறப்பர் வளையம் அமரும் முகம் மட்டமாக்கப்படாமல், கடைந்த கோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படும்படி அப்படியே விடப்பட்டிருந்தது.

அதைவிடப் பெரிய பிழை மரையில் இருந்தது. பில்ரரைத் தாங்கும் நடுக்குழாயின் மரை முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்டது. பூட்டியிருந்த பில்ரரோ 20 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட மெற்றிக் மரைக்கு உரியது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 16 மரை என்றால் இடைவெளி 1.59 மில்லிமீற்றர் அளவில் வரும். வேறுபாடு இவ்வளவு சிறியது என்பதுதான் ஆபத்து. பெரிய மரை கொண்ட பில்ரர் சிறிய குழாயில் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும். இறப்பர் வளையம் முகத்தில் முட்டியதும் கைக்கு இறுகியது போலவே இருக்கும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். அழுத்தமும் அதிர்வும் சேரும்போது அவை மெல்ல மெல்லச் சீவப்பட்டு விட்டுவிடும். எங்கள் கடைகளில் இரண்டு வகையும் அருகருகே அடுக்கியிருக்கும். டொயோட்டாவின் பழைய பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு முக்கால் அங்குல மரை. ஹொண்டாவுக்கு மெற்றிக் மரை. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எனக்குப் பூட்டியிருந்தது ஹொண்டாவின் பில்ரர்.

மூன்றாவது விடயம் வெளியே தெரியாதது. மைனரின் பழைய தலைப்பகுதிக்குள் ஒரு சிறிய வால்வு உண்டு. எலிமென்ற் அழுக்கால் அடைபட்டு ஒயிலை விடாமற் போனால், அந்த வால்வு திறந்து வடிகட்டாத ஒயிலையாவது பெயாரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஒயில், ஒயில் இல்லாமையை விட மேல் என்ற கணக்கு. புதிய தலைப்பகுதியில் அந்த வால்வு கடையப்படவே இல்லை. அப்படியானால் வால்வு உள்ளே அமைந்த பில்ரரையே தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். எல்லா ஸ்பின் ஒன் பில்ரரிலும் அது இருப்பதில்லை, ஏனென்றால் சில எஞ்சின்களில் அந்த வால்வு எஞ்சின் புளொக்கிலேயே இருக்கிறது. இதைக் கராஜ்காரரிடம் பிறகு கேட்டபோது, “எஞ்சினிலை ரிலீஃப் வால்வு கிடக்குத்தானே அண்ணை, பிறகென்ன?” என்றார். ரிலீஃப் வால்வு பம்பின் அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது. அடைபட்ட பில்ரரைச் சுற்றி ஒயிலுக்கு அது வழி திறந்து கொடுக்காது. இந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத ஒருவர் ஒயில் பாதையில் கை வைத்திருக்கிறார் என்பதை அந்த ஒரு பதிலிலேயே விளங்கிக்கொண்டேன்.

ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் உயர்ந்த ரக பில்ரர் என்று சொல்லி மேலதிகமாகவும் என்னிடம் பணம் வாங்கியிருந்தார்கள். பில்ரர் படுத்த நிலையிலோ தலைகீழாகவோ இருக்கும் எஞ்சின்களுக்கு அந்த வசதி அவசியம். மைனரில் பில்ரர் வாய் மேலே இருக்கத் தொங்குவதால், எஞ்சின் நின்றாலும் ஒயில் அதற்குள்ளேயே நிற்கும். தேவையில்லாத ஒன்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு, தேவையான வால்வை விட்டுவிட்டார்கள்.

நட்டஈடு கேட்கப் போனபோது கிடைத்த விளக்கம், யாழ்ப்பாணத்தில் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று. “அது சண்டைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடின எஞ்சின். பெயாரிங் அப்பவே தேய்ஞ்சு போச்சு. பில்ரரிலை பழியைப் போடாதையுங்கோ,” என்றார். மண்ணெண்ணெய் எரியாமல் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கள் கார்கள் பலவற்றின் ஆயுளை அது குறைத்தது என்பதும் உண்மைதான். ஆனால் என்னுடைய எஞ்சின் அதன் பின்னர் முழுமையாகப் பிரித்துச் செய்யப்பட்டது. நான் பொருத்தியிருக்கும் அழுத்தக் கேஜில், பில்ரர் மாற்றத்துக்கு முந்திய வாரம் வரை அழுத்தம் சரியாகவே இருந்தது. கிராங்கில் விழுந்திருந்த கீறல்களும் புதியவை. கிராங்கைப் பத்துத் தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கடைந்து, அதற்கேற்ற பெயாரிங்குகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பூட்ட வேண்டியதாயிற்று. கராஜ்காரர் இறுதியில் பில்ரரின் விலையை மட்டும் திருப்பித் தர முன்வந்தார், நான் வாங்கவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறைப்பாடு செய்யலாம். அங்கே எனக்குள்ள பலவீனம் அந்த மூன்று விரல் அகலத் துண்டுதான். எந்தப் பில்ரர், என்ன இலக்கம், தலைப்பகுதி எங்கிருந்து வந்தது என்று எதுவும் எழுதாத பற்றுச்சீட்டை ஏற்காதீர்கள். கழற்றும் பாகங்களை மாலையே கையில் தர வேண்டும் என்று காரை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாற்றிய கார் உங்களிடம் இருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது பில்ரரைக் கழற்றி, இறப்பர் வளையம் முகத்தில் முட்டாதபடி சில சுற்றுகள் மட்டும் மீண்டும் ஏற்றி, கையால் இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். சரியான மரையில் மிகச் சிறிய அசைவே இருக்கும். தளர்ந்து ஆடினால் அந்தப் பில்ரரோடு காரை வீட்டு வாசலுக்கு வெளியே எடுக்க வேண்டாம். கழற்றிய கையோடு தலைப்பகுதியின் முகத்தில் பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும், முகம் மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சரியான பில்ரரானால் வளையத்தில் ஒயில் தடவி, அது முகத்தில் முட்டியபின் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். வால்வு உள்ளே உள்ளதா என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் அல்ல, பில்ரர் உற்பத்தியாளரின் பட்டியலில் அந்த இலக்கத்தைத் தேடி உறுதிசெய்யுங்கள்.