ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப்: அல்சூரிலிருந்து அரிசோனா போய் வந்த ஆறு மாதம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர், எரிசக்தி, சுற்றுச்சூழல் என்று ஏதாவது ஒன்றைக் கல்லூரியில் பாடம் நடத்துபவராக இருந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சில மாதம் இருந்து கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் உதவும் ஃபுல்பிரைட்-நேருவுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் ‘ஆய்வு மட்டும்’ என்று போடாதீர்கள். ‘கற்பித்தலும் ஆய்வும்’ என்று போடுங்கள். எனக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் அந்த வகுப்பறையில் கிடைத்ததுதான்.

நான் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினான்கு வருஷமாகச் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்துகிறேன். வீடு அல்சூர். அப்பா ராணுவத்தின் எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். என் ஆய்வு கே.சி. வேலி (கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டம் பற்றியது. பெங்களூரின் சாக்கடை நீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்களே, அதுதான். 2018-ல் தண்ணீர் போக ஆரம்பித்தது. ஏரியை நிரப்பி அதன் மூலம் நிலத்தடி நீரை ஏற்றுவது நோக்கம். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் காற்று மட்டும் வந்த ஊர்கள் அவை. அன்றிலிருந்து அங்கே கிணற்று மட்டமும் நைட்ரேட்டும் அளந்துகொண்டிருக்கிறேன்.

ஃபெலோஷிப்பின் முழுப் பெயர் ஃபுல்பிரைட்-நேரு அகடமிக் அண்ட் புரொஃபஷனல் எக்சலன்ஸ். இந்தியாவில் இதை நடத்தும் யூஸீஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) 1950-ல் தொடங்கியது. 2008-ல் இந்திய அரசும் சரிபாதி பணம் போட ஒப்புக்கொண்ட பிறகு பெயரில் நேரு சேர்ந்தார். நான்கு முதல் ஒன்பது மாதம் வரை போகலாம். ஆசிரியர்களுக்கு பி.எச்.டி. வேண்டும், ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். போக்குவரத்து விமானச் செலவு, மாத உதவித்தொகை, குடியேறும் செலவுக்குக் கொஞ்சம், மருத்துவப் பாதுகாப்பு எல்லாம் தருகிறார்கள். வழக்கமான பல் வைத்தியமும் கண் கண்ணாடியும் அந்தப் பாதுகாப்பில் வராது. பல்லில் சொத்தை இருந்தால் இங்கேயே அடைத்துக்கொண்டு போங்கள்.

பெரிய மலை எது தெரியுமா? நேர்காணலும் இல்லை, விசாவும் இல்லை. வேலை பார்க்கும் இடத்தின் ஒப்புதல் கடிதம். தேர்வானால் லீவு தருவோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஃபைல் ஏழு வாரம் ஒரே மேஜையில் கிடந்தது. “உங்க கிளாஸை யார் எடுப்பாங்க மேடம்?” என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. கடைசியில் என் துறையில் இருக்கும் ஒரு தம்பி, “அக்கா, ரெண்டு பேப்பரையும் நான் எடுத்துக்கறேன்” என்று கைப்பட எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அவர் இல்லை என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். நமக்கு வெளிநாட்டில் இடம் கிடைப்பதைவிட உள்ளூரில் லீவு கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

அழைப்புக் கடிதம் இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம். பதினொரு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். என் பட்டம், என் கட்டுரைகள் என்று ஆரம்பித்த பத்துக்கும் பதில் இல்லை. கடைசியாக அனுப்பியதில் முதல் வரியையே மாற்றினேன்: “ஒரு நகரம் தன் சாக்கடையைப் பக்கத்து வறண்ட மாவட்டத்துக்கு அனுப்புகிறது, உங்கள் ஊரும் கழிவுநீரை விற்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.” இரண்டே நாளில் பதில் வந்தது.

அந்த ஊர் பீனிக்ஸ். நான் இருந்தது பக்கத்து டெம்பியில், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அமெரிக்காவிலேயே சஸ்டெய்னபிலிட்டிக்கென்று (வளங்குன்றா வளர்ச்சி) தனிப் பள்ளி முதலில் அமைந்தது அங்கேதான், 2006-ல். பாலைவன நகரம் ஒன்றை ஓர் உயிர்ச்சூழலாக எடுத்துக்கொண்டு 1997-லிருந்து விடாமல் அளந்து வருகிறார்கள். நான் 2023 ஆகஸ்டில் போய் இறங்கினேன். அதற்குச் சற்று முன்புதான் 31 நாள் தொடர்ச்சியாக வெயில் 110 பாரன்ஹீட்டைத் தொட்டிருந்தது. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். பெங்களூர் உடம்புக்கு அது சாதாரணமில்லை. முதல் மாதம் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவேன்.

கொலராடோ ஆற்றிலிருந்து அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் 540 கிலோமீட்டர் நீளம். வழியில் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிறார்கள். நமக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, ஏறத்தாழ 500 மீட்டர் ஏறி வருகிறது. அந்த ஊர்க் கழிவுநீர் போவது பாலோ வெர்டே அணுமின் நிலையத்துக்கு. பக்கத்தில் கடலோ ஆறோ இல்லாமல், நகரங்களின் சுத்திகரித்த சாக்கடை நீரிலேயே குளிரும் உலை அது. மிச்சத்தில் ஒரு பகுதியை ட்ரெஸ் ரியோஸ் என்ற இடத்தில் நாணல் சதுப்புகளுக்குள் விட்டு ஆற்றுக்கு அனுப்புகிறார்கள். அந்த நாணல் ஓரத்தில் நின்றபோது, கழிவுநீரால் நுரை பொங்கும் எங்கள் பெங்களூர் பெல்லந்தூர் ஏரிதான் நினைவுக்கு வந்தது. வயிறு எரிந்தது.

இனி வகுப்பு. நகர நீர் பற்றிய பாடம், பதினெட்டு மாணவர்கள், வாரம் ஒரு வகுப்பு என் பொறுப்பு. மூன்றாவது வாரம் கோலாரில் நான் எடுத்த ஒரு ஏரிப் படத்தைத் திரையில் போட்டேன். கலங்கல் வழிகிறது, கரையில் பழைய தூம்புக் கல் இரண்டு தூண்போல நிற்கிறது, அடியில் பாசி. கிணற்று மட்டம் எத்தனை அடி ஏறியது என்ற வரைபடத்தை அடுத்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். அரிசோனாவின் பினால் கவுன்ட்டியில் விவசாயக் குடும்பம். 2021-ல் கொலராடோ ஆற்றுக்கு வரலாற்றிலேயே முதல் பற்றாக்குறை அறிவித்தார்கள், அடுத்த வருஷமே அவர்கள் பக்கத்து வயல்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் வெட்டப்பட்டது. அவள் கேட்டாள்: “இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு வழி இருந்ததா?”

ஐந்து வருஷத் தரவு என் லேப்டாப்பில் இருந்தது. அந்தக் கேள்விக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அன்று இரவே உட்கார்ந்து புதிதாகக் கேள்வித்தாள் எழுதினேன். ஆய்வு மட்டும் என்று போயிருந்தால் நூலகத்திலும் ஆய்வகத்திலும் இருந்துவிட்டு, அதே வரைபடத்தை இன்னும் அழகாக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை ரயிலில் போய் ஸெடாவ் வாகி அருங்காட்சியகம் பார்த்தேன். புவெப்ளோ கிராண்டே என்பது அதன் பழைய பெயர். ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் கொலம்பஸ் வருவதற்கு முன்பே வெட்டிய வாய்க்கால் அங்கே மண்ணில் அப்படியே தெரிகிறது. இன்றைய கால்வாய்கள் சில அந்தத் தடத்திலேயே ஓடுகின்றன. டெம்பி போனால் தவறவிடாதீர்கள்.

பணம் ஒரு ஆளுக்குப் போதும். சேமித்துக்கொண்டு வரலாம் என்று போகாதீர்கள். நான் முதலில் எடுத்த வீட்டில் முன்பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்த அன்றே சுவர், தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் படியும் விமானச் செலவும் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அவர் உங்கள் காலத்தில் 80 சதவீதமாவது உடன் இருக்க வேண்டும். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நடுவில் பிடுங்கிக் கூட்டிப்போக மனசில்லை. அம்மா பார்த்துக்கொண்டார். தீபாவளி அன்று வீடியோவில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். குழந்தை உள்ளவர்கள் இதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

இந்த ஃபெலோஷிப்புக்குக் கிடைக்கும் ஜே-1 விசாவோடு ஒரு விதி வருகிறது: முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும், அதற்கு முன் அங்கே குடியேற்ற வழிகள் திறக்காது. இதைச் சொல்லியே பலர் ஒதுங்குகிறார்கள். எனக்கு இது சரியான விதி. 2024 பிப்ரவரியில் திரும்பினேன். மார்ச்சில் நகரத்தின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று அரசே சொன்னது. எங்கள் தெருவில் டேங்கருக்குக் காலை நாலு மணிக்கே குடம் வரிசை. கற்றது தேவைப்பட்ட இடம் இதுதான்.

ஏப்ரலில் புதுக் கேள்வித்தாளோடு கோலார் போனேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர் தெலுங்கில் பேசினார். தண்ணீர் வந்ததில் சந்தோஷம்தான், தக்காளி போட்டிருக்கிறார். ஆனால் வருவதற்கு முன் ஊரில் யாரும் கேட்கவில்லை என்றார். எழுதிக்கொண்டேன். இதுவரை 112 வீடு முடிந்திருக்கிறது.

ஆறு மாத லீவு கிடைக்கவே கிடைக்காது என்பவர்களுக்கு டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஆய்வுத் தங்கல் இருக்கிறது. ஜெர்மனியில் ஒன்று முதல் மூன்று மாதம், கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். வகுப்பு எடுக்கும் அனுபவம் அதில் இல்லை. ஃபுல்பிரைட்-நேருவுக்கு வழக்கமாக ஜூலையில் கடைசி நாள் வரும். மார்ச்சிலேயே லீவு ஒப்புதலுக்கான கடிதத்தை ஆபீசில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.