தக்கை கட்டியா, கட்டாமலா? ஓடும் தண்ணீரில் நிம்ஃப் விடும் இரண்டு முறைகள்

பூச்சி போலக் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பதுதான் ஃபிளை ஃபிஷிங். டிரவுட் மீன் துள்ளி எழுந்து அந்த ஈயைக் கவ்வுவதைத்தான் அதன் படங்களில் காட்டுவார்கள். உண்மையில் அது தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. கல்லுக்கடியில் வாழும் மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை பூச்சிகளின் இளம்பருவம்தான் அதன் அன்றாடச் சாப்பாடு. அந்த உருவத்தில் கட்டிய தூண்டில் முள்தான் நிம்ஃப். அதை ஆற்றின் அடிக்குக் கொண்டுபோக இன்று இரண்டு கட்சிகள். ஒரு கட்சி தூண்டில் நரம்பில் சின்னத் தக்கை ஒன்றைக் கட்டி, அதன் கீழே நிம்ஃபைத் தொங்கவிடும். இன்னொரு கட்சி தக்கையே வேண்டாம் என்று கோலை உயர்த்திப் பிடித்து, நரம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிம்ஃபைக் கூடவே நடத்திப்போகும். இதற்கு யூரோ நிம்ஃபிங் என்று பெயர்.

எது மேல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஆற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும். இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். பாறையும் நுரையுமாக இறங்கும் ஆறு. இங்கே முழங்கால் ஆழம், இரண்டு எட்டு தள்ளினால் இடுப்பாழம். பழுப்பு டிரவுட் பாறைக்குப் பின்னால், வேகம் குறைந்த சின்னச் சின்ன இடங்களில் நிற்கும்.

இப்படிப்பட்ட ஆற்றில் தக்கைக்கு ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. அடியில் ஓடும் தண்ணீர் கற்களில் உரசி மெதுவாகப் போகிறது. மேல்மட்டம் வேகமாகப் போகிறது. தக்கை மிதப்பது அந்த வேகமான மேல்மட்டத்தில். அது கீழே இருக்கும் நிம்ஃபை இழுத்துக்கொண்டு ஓடும். நிஜப் பூச்சி எதுவும் அந்த வேகத்தில் அடியில் போகாது. மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. தக்கை இல்லாத முறையில் மெல்லிய நரம்பு ஒன்று மட்டுமே மேல்மட்டத்தைக் கிழித்து இறங்குகிறது. 5எக்ஸ் நரம்பு என்றால் 0.15 மி.மீ. தடிமன்தான். தண்ணீருக்குப் பிடித்து இழுக்க அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது ஆழம். தக்கைக்கும் நிம்ஃபுக்கும் இடையே தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சரி, பத்தடிக்கு ஒருமுறை ஆழம் மாறும் ஆற்றில் ஒவ்வொரு முறையும் தக்கையை நகர்த்திக் கட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? பெரும்பாலோர் ஒரே அளவில் விட்டுவிடுகிறார்கள். பாதி நேரம் நிம்ஃப் மீனின் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. இறுக்கிய நரம்பில் கோலின் நுனியை ஒரு சாண் இறக்கினால் போதும்.

ஆனால் தக்கைக்காரர்களைக் கிண்டல் செய்வது நியாயமில்லை. கோலுக்கு எட்டும் தூரம்தான் யூரோ முறையின் எல்லை. பத்து, பதினோரு அடிக் கோலை வைத்துக்கொண்டு ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் நரம்பை இறுக்கமாக வைத்திருப்பது கஷ்டம். அகன்ற, மெதுவான மடுவில் அவ்வளவு கிட்டே போனால் மீன் ஓடிவிடும். காற்று அடித்தாலோ மெல்லிய நரம்பு வில்லாக வளைந்து நிம்ஃபைத் தூக்கிவிடும். அங்கெல்லாம் தக்கைதான். தண்ணீரில் விழுந்த கையோடு நரம்பை நீரோட்டத்துக்கு எதிர்த் திசையில் ஒரு தடவை தூக்கிப் போட்டால் இழுப்பும் பெருமளவு குறையும்.

கொத்தை உணர்வதில் யூரோ முறைதான் முன்னால். தக்கைக்கும் நிம்ஃபுக்கும் நடுவே தொய்வு இருந்தால், தக்கை அசைவதற்குள் மீன் வாயில் போட்டதைத் துப்பிவிட்டிருக்கும். யூரோ முறையில் நரம்பின் நடுவே வண்ணத் துண்டு ஒன்று இருக்கும்; கண் அதன்மேலேயே இருக்க வேண்டும். அது ஒரு கணம் தயங்கினால், கோலை நீரோட்டம் போகும் திசையில் பக்கவாட்டில் சின்னதாகச் சுண்ட வேண்டும். வானத்தைப் பார்த்து இழுக்கக் கூடாது. மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால், பின்னாலிருந்து வரும் இழுப்பு முள்ளை வாயோரத்தில் ஏற்றும். ஆரம்பத்தில் பாதிச் சுண்டல் கல்லுக்குத்தான் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கல்லிலும் தட்டாமல் வந்தால் நிம்ஃப் அடிக்கே போகவில்லை என்று பொருள். அடிக்கு இறங்குவதற்காகக் கனமான டங்ஸ்டன் மணி கோத்த நிம்ஃபுகள் பாறைக்குப் பலியாவதும் இதே காரணத்தால்தான், பர்ஸ் தாங்க வேண்டும்.

இது ஃபிளை ஃபிஷிங்கே இல்லை, ஈயக்குண்டு போட்ட சாதாரணத் தூண்டில் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. பழைய சண்டைதான். இங்கிலாந்தில் மிதக்கும் ஈ முறையைப் பரப்பிய எழுத்தாளர் ஹால்ஃபோர்டின் சீடர்கள் மிதக்கும் ஈயைத் தவிர வேறு எதையும் ஏற்கவில்லை. இட்சன் ஆற்றில் நிம்ஃபை முன்வைத்த ஸ்க்யூஸ் 1938-லும் லண்டன் கிளப் ஒன்றில் அதற்காக வாதாட வேண்டியிருந்தது. யூரோ முறையை வளர்த்ததும் ஒரு விதிதான்: சர்வதேசப் போட்டிகளில் தக்கைக்கு அனுமதி இல்லை. செக், போலந்து, பிரெஞ்சு வீரர்கள் அது இல்லாமலேயே பிடிக்கக் கற்றார்கள்.

மிதக்கும் ஈயின் முள்ளிலிருந்து அரை மீட்டர் நரம்பில் நிம்ஃபைத் தொங்கவிடும் மூன்றாவது வழியும் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் அழகாக வேலை செய்யும். கனமான நிம்ஃப் கட்டினால் ஈ மூழ்கிவிடும், அவ்வளவுதான்.

தீர்த்தன் மாதிரி ஆற்றுக்கு என் ஓட்டு யூரோ முறைக்கே. சட்டைப்பையில் இரண்டு தக்கை இருக்கட்டும், மடு வந்தால் எடுத்துக் கட்டலாம். ஆனால் புதிதாகக் கற்பவர் முதல் நாள் தக்கையோடு தொடங்குவது நல்லது. பக்கத்தில் ஓடும் நுரைக்குமிழியோடு தக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். குமிழியை முந்தினால் இழுப்பு. குமிழிக்குச் சற்றுப் பின்தங்கினால் நிம்ஃப் அடியில் சரியான வேகத்தில் போகிறது. இதைக் கண் பழகிக்கொண்டால், பிறகு வண்ணத் துண்டைப் படிப்பதும் சுலபமாகும்.

புதுக் கோல் உடனே வாங்க வேண்டியதில்லை. கையிலுள்ள ஒன்பதடிக் கோலிலேயே, ஃபிளை லைன் எனப்படும் தடித்த வீசுகயிறு கோலின் நுனிவளையத்துக்கு வெளியே வராதபடி நீளமான நைலான் நரம்பு கட்டிப் பழகலாம். கை கொஞ்சம் வலிக்கும். இமாச்சலத்தில் மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. மழைக்காலத்தில் ஆறு கலங்கிவிடும் என்பதால் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் போய்விடுவது உத்தமம்.