2007இன் இரண்டாவது ஆல்பங்கள்: ஆர்க்டிக் மங்கீஸா, ப்ளாக் பார்ட்டியா?

2007ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் பிரிட்டனின் இண்டி ராக் குழுக்கள் (கிட்டாரை மையமாகக் கொண்ட சுயாதீன ராக் குழுக்கள்) வரிசையாகத் தங்கள் இரண்டாவது ஆல்பங்களை வெளியிட்டன. பிப்ரவரி 5 அன்று ப்ளாக் பார்ட்டியின் 'எ வீக்எண்ட் இன் த சிட்டி'. அதே மாதக் கடைசியில் கைசர் சீஃப்ஸ். ஏப்ரல் தொடக்கத்தில் மாக்சிமோ பார்க். ஏப்ரல் 23 அன்று ஆர்க்டிக் மங்கீஸின் 'ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்'. நான்குமே முதல் ஆல்பத்தில் பெரிய பேர் வாங்கிய குழுக்கள். அடுத்தது என்ன என்ற கேள்விக்கு நான்கும் ஒரே பருவத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையான போட்டி முதலாவதுக்கும் கடைசிக்கும்தான். நடுவில் உள்ள இரண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லீட்ஸ் நகரத்துக் கைசர் சீஃப்ஸின் 'யுவர்ஸ் ட்ரூலி, ஆங்க்ரி மாப்' பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலுள்ள 'ரூபி' பாட்டும் தனியாக முதலிடம். முதல் ஆல்பத்தைச் செய்த ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்தான் இதற்கும் தயாரிப்பாளர், அதாவது பதிவின் ஒலியை வடிவமைத்தவர். 'ரூபி' கூட்டமாகச் சேர்ந்து கத்திப் பாட அருமையான பாட்டு. அதைத் தாண்டினால் முதல் ஆல்பத்தில் கேட்டதையே இன்னும் சத்தமாகக் கேட்கிறோம், அவ்வளவுதான். நியூகாசில் பக்கத்து மாக்சிமோ பார்க்கின் 'அவர் எர்த்லி ப்ளெஷர்ஸ்' அதைவிட நல்ல ஆல்பம். 'புக்ஸ் ஃப்ரம் பாக்ஸஸ்' என்ற பிரிவுப் பாட்டு அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தயாரிப்பாளர் கில் நார்ட்டன் கிட்டார்களைத் தடிமனாக்கியதில், முதல் ஆல்பத்தில் இருந்த அந்த வெட்டி இழுக்கும் பதற்றம் கொஞ்சம் போய்விட்டது.

சரி, பெரிய போட்டிக்கு வருவோம்.

ஷெஃபீல்டு பையன்களான ஆர்க்டிக் மங்கீஸின் முதல் ஆல்பம் 2006 ஜனவரியில் வந்தது. முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்று, பிரிட்டனில் ஒரு குழுவின் முதல் ஆல்பம் அத்தனை வேகமாக விற்றதில்லை என்ற சாதனையை வைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசும் கிடைத்தது. அதே ஆண்டில் பேஸ் கிட்டாரிஸ்ட் ஆண்டி நிக்கல்சன் விலக, நிக் ஓ'மேலி உள்ளே வந்தார். இந்தக் கலவரத்துக்கு நடுவே, பதினைந்தே மாத இடைவெளியில் இரண்டாவது ஆல்பம். பாடகர் அலெக்ஸ் டர்னருக்கு அப்போது வயது 21.

லண்டன் குழுவான ப்ளாக் பார்ட்டிக்கு வேறு வகைச் சுமை. 2005இல் வந்த அவர்களின் 'சைலண்ட் அலார்ம்' விற்பனையில் மங்கீஸ் அளவுக்குப் போகவில்லை. ஆனால் பிரிட்டிஷ் இசை இதழான என்எம்இ அதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் பதிவு செய்த அந்த ஆல்பம் 2006 நவம்பரிலேயே இணையத்தில் கசிந்துவிட்டது. கடைக்கு வருவதற்குள் பாதி ரசிகர்கள் கேட்டுத் தீர்ப்பும் எழுதியிருந்தார்கள்.

இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் பாடல் வரிகளில் தேடுகிறார்கள். என் காதுக்கு அது டிரம்ஸில் தொடங்குகிறது. இரு குழுக்களிலும் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் மேட்: மங்கீஸில் மேட் ஹெல்டர்ஸ், ப்ளாக் பார்ட்டியில் மேட் டாங். அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த இரண்டு டிரம்மர்கள் இவர்கள். முதல் ஆல்பங்களில் இருவரில் யார் மேல் என்று கேட்டால் யோசிக்காமல் டாங் என்பேன். 'சைலண்ட் அலார்ம்' முழுக்க ஓடுவதே அவர் கைகளில்தான். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டுகளில் அவர் விடாமல் அடிக்கும் அந்த நடுக்கம் இல்லாவிட்டால் அந்த ஆல்பத்தின் கிட்டார்களுக்கு நிற்க இடம் இல்லை.

இரண்டாவது ஆல்பத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மங்கீஸ் தேர்ந்தெடுத்த தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபோர்டு (மற்றவர் மைக் க்ராஸி) தானே ஒரு டிரம்மர், சிமியன் குழுவில் வாசித்தவர், நடன இசையிலும் ஊறியவர். ஹெல்டர்ஸை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது: எல்லோருக்கும் முன்னால். முதல் பாட்டான 'பிரையன்ஸ்டார்ம்' தொடங்கிய சில விநாடிகளில் டாம்-டாம்கள் (டிரம்ஸ் செட்டில் ஆழ்ந்து ஒலிக்கும் டிரம்கள்) உருண்டு வரும்போதே இது வேறு குழு என்று தெரிந்துவிடும். ஜப்பானில் மேடைக்குப் பின்னால் சந்தித்த பிரையன் என்ற ஒரு ஆளைப் பற்றிய பாட்டு அது. ஆனால் ஆளைவிட அடிதான் மனதில் நிற்கிறது. 'டூ மீ எ ஃபேவர்' பாட்டில் அதே டாம்-டாம்கள் அடங்கிய குரலில் தொடங்கி, உறவு முறியும் கதையோடு சேர்ந்து ஏறி, கடைசி நிமிடத்தில் வெடிக்கின்றன. டர்னர் எவ்வளவு கசப்பாகப் பாடினாலும் அந்தக் கசப்பைத் தூக்கி நடப்பது ஹெல்டர்ஸ்.

ப்ளாக் பார்ட்டி தேர்ந்தெடுத்தவர் ஜாக்நைஃப் லீ. யூ2, ஸ்னோ பேட்ரோல் போன்றவர்களோடு வேலை செய்தவர், பெரிய அரங்கத்துக்கு ஏற்ற ஒலி அமைப்பதில் கைதேர்ந்தவர். (அதே 2007இல் எடிட்டர்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தையும் அவர்தான் செய்தார்.) குரலின் மேல் குரல், அதன் மேல் சின்தசைசர், அதன் மேல் எலக்ட்ரானிக் தாளம் என்று அடுக்கிக்கொண்டே போனார். டாங் அங்கேதான் இருக்கிறார், நன்றாகவும் வாசிக்கிறார். ஆனால் பல இடங்களில் அவர் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்து கேட்கிறார். ரஸ்ஸல் லிசாக்கின் கிட்டாருக்கும் இதே கதிதான். முதல் ஆல்பத்தில் இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதைத் தெளிவாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. இதில் அது பெரும்பாலும் ஒரே மூட்டம். இந்த ஆல்பத்தின் மீது எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான், ஏனென்றால் சொல்ல வந்த விஷயத்தில் இது மற்ற மூன்று ஆல்பங்களையும் தாண்டி நிற்கிறது.

ப்ளாக் பார்ட்டியின் பாடகர் கெலே ஒகெரெகேயின் பெற்றோர் நைஜீரியர்கள். முதல் ஆல்பத்தில் பூடகமாக எழுதியவர், இதில் லண்டனில் கறுப்பின இளைஞனாக வாழ்வது எப்படி என்று நேரடியாகப் பாடுகிறார். 'ஹண்டிங் ஃபார் விட்ச்சஸ்' 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புக்குப் பிந்தைய லண்டனைப் பற்றியது. 52 பேர் கொல்லப்பட்ட அந்த நாளுக்குப் பின் பத்திரிகைகள் எப்படிப் பயத்தை விற்றன, சாதாரண மனிதன் எப்படிப் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்கத் தொடங்கினான் என்பதை, அந்தப் பயந்த மனிதனின் வாயாலேயே சொல்கிறது. வெட்டி ஒட்டிய செய்திக் குரல்களோடு தொடங்கும் பாட்டு அது. இங்கே லீயின் அடுக்கு வேலை சரியாகப் பொருந்துகிறது. 'வேர் இஸ் ஹோம்?' இன்னும் கனமானது. 2006இல் கெண்ட் பகுதியில் நிறவெறித் தாக்குதலில் கொல்லப்பட்ட ஒரு கறுப்பின இளைஞனின் சாவு அதற்குப் பின்னணி. இறுதிச் சடங்கு முடிந்த வீட்டிலிருந்து பாட்டு தொடங்கி, இந்த நாட்டில் எனக்கு இடம் உண்டா என்று கேட்கிறது. அந்த ஆண்டு வேறு எந்த இண்டி குழுவும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 'ஐ ஸ்டில் ரிமெம்பர்' இரண்டு பள்ளிப் பையன்களுக்கு இடையே சொல்லப்படாமல் போன காதல். பிரிட்டிஷ் கிட்டார் குழுக்கள் ஆண்மைப் பெருமை பேசித் திரிந்த காலத்தில் இப்படி ஒரு பாட்டைத் தனிப் பாட்டாகவும் வெளியிட துணிச்சல் வேண்டும்.

டர்னர் எழுதும் விதம் முற்றிலும் வேறு. அவர் ஒரு அறைக்குள் இருக்கும் இரண்டு பேரைப் பார்ப்பார். 'ஃப்ளோரசென்ட் அடலசென்ட்' பாட்டில் வயது ஏறிய ஒரு பெண் தன் துடிப்பான நாட்களை நினைத்துப் பார்க்கிறாள். மெட்டு துள்ளுகிறது, வரிகள் சிரிக்க வைக்கின்றன, ஆனால் உள்ளே பெரிய ஏக்கம் இருக்கிறது. அப்போது டர்னரின் காதலியாக இருந்த ஜொஹானா பென்னெட்டும் சேர்ந்து எழுதிய பாட்டு. ஷெஃபீல்டு உச்சரிப்பில், சொற்களை நெருக்கி அடித்துப் பாடுவதால் நமக்கு முதல் தடவையில் பாதி பிடிபடாது. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், பலன் உண்டு. 'டெடி பிக்கர்' புகழுக்காக அலைபவர்களைச் சாடுகிறது. அதில் அவர் சொல்வது புதிதல்ல, சொல்லும் வேகம்தான் புதிது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒகெரெகே நகரத்தையே பாடக் கிளம்பியதால் சில இடங்களில் மனிதர்கள் மறைந்து கருத்து மட்டும் நிற்கிறது. 'யூனிஃபார்ம்' பாட்டில் வணிக வளாகத்தில் சுற்றும் இளைஞர்களைப் பார்த்து அவர் சலித்துக்கொள்வது உபதேசமாக ஒலிக்கிறது. அந்த இளைஞர்களில் ஒருவன்கூட நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 11 பாட்டு, சுமார் 51 நிமிடம். கடைசிப் பகுதியில் மெதுவான பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் நீளம் தெரிகிறது. மங்கீஸ் 12 பாட்டை 37 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அங்கேயும் 'திஸ் ஹவுஸ் இஸ் எ சர்க்கஸ்', 'த பேட் திங்' போன்றவை ஒரே வேகத்தில் கடந்து போகின்றன, தனியாக நினைவில் நிற்பதில்லை. ஆனால் சலிப்பு வருவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

முடிவுப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ப்ளாக் பார்ட்டியின் 'எஸ்ஆர்எக்ஸ்டி' ஒரு மனச்சோர்வு மருந்தின் பெயரைச் சுருக்கித் தலைப்பாக வைத்தது. வாழ்க்கையை முடித்துக்கொள்ள நினைப்பவனின் கடிதம். விஷயம் நெஞ்சை அடைக்கிறது, ஆனால் பின்னணியில் ஏறும் கூட்டு இசை அந்தத் தனிமையைப் பெரிதாக்கி அழகுபடுத்திவிடுகிறது. மங்கீஸின் '505' ஓர் அறை எண்ணைத் தவிர வேறு எதையும் விளக்குவதில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனே கௌபாய் படம் ஒன்றுக்குச் செய்த இசையிலிருந்து எடுத்த ஆர்கன் கார்டுகள், டர்னரின் தணிந்த குரல், பாதிக்கு மேல் பொறுத்திருந்து உள்ளே பாயும் ஹெல்டர்ஸ், விருந்தினராக வந்த மைல்ஸ் கேனின் கிட்டார். காத்திருப்பு என்பதை நான்கு நிமிடத்தில் கட்டிய பாட்டு. தனிப் பாட்டாக அது அப்போது வெளிவரவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆல்பம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் டிக்டாக் வழியாக அதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்போதைய வரவேற்பில் மங்கீஸ்தான் ஜெயித்தார்கள். முதல் வாரத்தில் 2,20,000 பிரதிகளுக்கு மேல், முதலிடம், ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவின் வெள்ளிக்கிழமைத் தலைமை நிகழ்ச்சி, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பிரிட் இசை விருதுகளில் சிறந்த ஆல்பம். ப்ளாக் பார்ட்டி இரண்டாமிடம் வரை வந்தார்கள். மெர்க்குரி பட்டியலில் மங்கீஸ் பெயர் இருந்தது, இவர்கள் பெயர் இல்லை. பரிசு க்ளாக்ஸன்ஸ் குழுவுக்குப் போனது. அவர்களின் ஆல்பத்தையும் செய்தவர் இதே ஜேம்ஸ் ஃபோர்டுதான்.

முழு ஆல்பமாக எது மேல் என்றால் 'ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்'தான். தன் பலம் எங்கே என்று தெரிந்து அதன் மேல் முழு எடையையும் வைத்த ஆல்பம் அது. ஆனால் 'எ வீக்எண்ட் இன் த சிட்டி'யை விட்டுவிடாதீர்கள். முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லையென்றால் 'ஹண்டிங் ஃபார் விட்ச்சஸ்', 'வெயிட்டிங் ஃபார் த 7.18', 'வேர் இஸ் ஹோம்?', 'சண்டே' என்ற வரிசையில் கேளுங்கள். 'வெயிட்டிங் ஃபார் த 7.18' மெதுவாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று டாங்கின் கைகளை அவிழ்த்துவிடுகிறது. இந்த ஆல்பம் முழுக்கவே அப்படி இருந்திருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கும். 'சண்டே'யிலும் டிரம்ஸ் முன்னால் வருகிறது, பாட்டு உடனே மூச்சு விடுகிறது. ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. சின்ன ஸ்பீக்கரில் அந்த அடுக்குகள் எல்லாம் குழம்பிவிடும். மங்கீஸுக்கு அந்தக் கவலை வேண்டாம், சத்தத்தை மட்டும் கூட்டி வையுங்கள்.