தஞ்சாவூர் கெமிக்கல் கடை: திண்மங்களை நம்பி வாங்கலாம், பென்சால்டிஹைடைப் பார்த்து வாங்க வேண்டும்

மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், முதுகலை வேதியியல் மாணவர்களின் ஆய்வுத்திட்டத்துக்கு நான் வழிகாட்டி. நைட்ரஜன் செறிந்த பல்லினவளையச் சேர்மங்களை (வளையத்தில் கார்பனோடு வேறு தனிம அணுக்களும் உள்ளவை) பல்கூறு வினைகளால், அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் ஒரே குடுவையில் இணையும் வினைகளால், தயாரிப்பது இவ்வாண்டுப் பொருள். வேண்டிய ரசாயனங்களைத் தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கினோம்.

1891-இல் பியத்ரோ பிஜினெல்லி கண்ட வினையில், பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா மூன்றும் அமில வினையூக்கியுடன் ஒரே குடுவையில் கொதித்து, இரண்டு நீர் மூலக்கூறுகளை மட்டும் இழந்து டைஹைட்ரோபிரிமிடினோன் என்னும் அத்தகைய வளையச் சேர்மம் ஆகின்றன. இடையில் எதையும் பிரித்துத் தூய்மையாக்க வேண்டியதில்லை. அதனாலேயே புட்டியில் உள்ள குறை நேரே குடுவைக்குள் வந்துவிடுகிறது. "வீட்டில் யூரியா மூட்டையே இருக்கிறதே, ஐயா" என்றார் விவசாயக் குடும்பத்து மாணவர் ஒருவர். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது என்பதால், ஆய்வகத் தரத்திலேயே வாங்கினோம். அது குறையின்றி இருந்தது.

யூரியாவுக்குப் பதில் 5-அமினோடெட்ரசோலைச் சேர்த்தால், ஐந்து நைட்ரஜன் அணுக்கள் கொண்ட டெட்ரசோலோபிரிமிடின் கிடைக்கும். அது கடையில் இருப்பில் இல்லை, சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். பில் போடும்போதே கடைக்காரர், "சார், இது மோனோஹைட்ரேட், கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். அதாவது, ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கும். நீரற்றதற்கு மூலக்கூறு எடை 85, இதற்கு 103. கவனிக்காமல் எடைபோட்டிருந்தால், சேர்க்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கும். சரக்கின் தன்மை அறிந்து விற்கும் இப்படிப்பட்ட கடைக்காரர் அமைவது பெரிய உதவி.

மனம் நொந்தது பென்சால்டிஹைடில்தான். மூடியைத் திறந்ததும் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் படிகங்கள் ஒட்டியிருந்தன: காற்றுப்பட்டு உருவான பென்சாயிக் அமிலம். அதைக் கவனியாமல் மாணவர்கள் செய்த முதல் வினையில் விளைச்சல் பாதியாகக் குறைந்தது. 202 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக வேண்டிய விளைபொருள், தூய்மையில்லாததால், அதற்கு வெகு முன்னரே இளகத் தொடங்கியது. பென்சால்டிஹைடைச் சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்து எடுத்த பிறகே வினை ஒழுங்காக நடந்தது. திறந்த புட்டியைத் திருப்பி எடுக்கக் கடையில் மறுத்துவிட்டார்கள். மேற்கு வெயில் படும் கண்ணாடி அலமாரியில் பென்சால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகளை அடுக்கியிருப்பதை நேரில் சுட்டிக்காட்டினேன். சென்ற மாதம் போனபோதும் அங்கேயேதான் இருந்தன. அவற்றை உள்ளறைக்கு மாற்றும்வரை, தயாரிப்புத் தேதியைப் படித்து, புட்டியின் கழுத்தை வெளிச்சத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.